திறக்கும்வரை தொடக்கூடாது

எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாற்கந்தோர், ஒரு சந்தை இருக்கின்றன. ரொறன்ரோவில் அதே ஊருக்கு மூன்று சங்கங்கள் இருக்கின்றன. முதலில் ஒன்றுதான் இருந்தது. ஒரு கோடைகால ஒன்றுகூடலில் கொத்துரொட்டி முதலில் யாருக்குப் பரிமாறப்பட்டது என்ற கொள்கைப் பிரச்சினையில் அது இரண்டாக உடைந்தது. இரண்டையும் ஒன்றாக்குவதற்கென்று நல்ல மனதோடு தொடங்கப்பட்டதுதான் மூன்றாவது. நான் அந்த மூன்றாவதில் மகளிர் பிரதிநிதி. செயற்குழுவில் வேறு மகளிர் இல்லாததால் என்னை நானே பிரதிநிதித்துவம் செய்கிறேன். வடையும் ரோல்சும் என் பொறுப்பு.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். மூன்றுபட்டதில் ஸ்காபரோவில் விழா மண்டபம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் டாக்டருக்குப் படித்தார்கள். ஆகவே எங்கள் சங்கங்களால் கல்விக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் தலைவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். கெட்ட மனிதர் அல்ல. சாவீடு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். புதிதாக வந்த பெடியன்களைத் தன்னுடைய காரில் ஏற்றிக்கொண்டு போய் வேலையில் சேர்த்துவிட்டு வருவார். ஆனால் ஒரு பொருள் புதிதாக இருந்தால் அது சாகும்வரை புதிதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மோர்னிங்சைட்டில் அவர் வாங்கிய வீட்டில் பெரிய வரவேற்பறை இருக்கிறது. அங்கே இருக்கும் சோபாவின் பிளாஸ்ரிக் உறையை இன்றுவரை யாரும் கழற்றவில்லை. அவரும் மனைவியும் பிள்ளைகளும் சாப்பிடுவது, ரீவி பார்ப்பது, சண்டை பிடிப்பது எல்லாம் பேஸ்மென்றில். மேலே பழுதாகிவிடும் என்று கீழே வாழ்கிறார்கள். செயற்குழுக் கூட்டமும் கீழேதான் நடக்கும். நாங்கள் சோபாவுக்குத் தகுதியானவர்கள் இல்லை.

சிரிக்க வேண்டாம், எங்களில் பாதிப்பேர் அப்படித்தான். என் வீட்டிலும் விருந்தாளி முகம் துடைக்கவென்று மடித்து வைத்த ஒரு துவாய் இருக்கிறது. அதைத் தொடும் தகுதியுள்ள விருந்தாளி இன்னும் பிறக்கவில்லை.

ஊரில் இளைஞர்களுக்கு ஒரு கணினிப் பயிற்சி நிலையம் கட்ட வேண்டும் என்பது யாருடைய யோசனை என்று கேட்டால் செயற்குழுவில் எல்லாக் கைகளும் உயரும். அதற்குப் பெயர் வைத்தவள் என் மகள். இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் வறிய நாடுகளைப் பற்றிப் படிக்கிறாள். ஊருக்கு வாழ்நாளில் ஒரு தடவை போய், நுளம்புக்கடியோடு திரும்பி வந்தவள்.

“அம்மா, தட்ஸ் எ ஃப்ரஜைல் ஸ்டேட். யூத் எம்ப்ளோய்மென்ற் எண்டு போட்டால் ஃபண்டிங் வரும்” என்றாள்.

“அதென்னடி ஃப்ரஜைல்?”

“தட்டினால் உடையிற கன்ட்ரி.”

“அதைத் தட்டி உடைச்சுக் கனகாலம் பிள்ளை.”

அவள் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை ரொறன்ரோ டவுன்ரவுனில் இருக்கும் ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. நாங்கள் எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவை அவர்களும் போடுவார்கள். ஒரேயொரு நிபந்தனைதான். முடிவில் ஒரு வெற்றிக்கதை அனுப்ப வேண்டும். அதாவது நிலையத்தில் படித்து வேலை எடுத்த ஒரு பிள்ளையின் படமும், அந்தப் பிள்ளை தன் வாயால் சொன்ன நாலு வரியும். தலைவருக்கு இந்தச் சொற்கள் எல்லாம் மிகவும் பிடித்துப்போய்விட்டன. அதற்குப் பிறகு அவர் சாவீட்டில் போய் நின்றாலும் வாயில் யூத் எம்ப்ளோய்மென்ற் என்றுதான் வந்தது.

இராப்போசன விழா வைத்தோம். பொன்னாடைகள் போர்த்தினோம். நான் சுட்ட வடைக்கு அளவே இல்லை. எப்படியோ காசு சேர்ந்தது, ஊரில் கட்டடமும் எழும்பிவிட்டது. கணினிகள் வந்தன, குளிரூட்டி வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக நாலு மூலையிலும் கமரா வந்தது. ஊரில் இருக்கும் கோயில் உண்டியலையும் பூட்டிய வீட்டையும் இங்கே இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் பார்ப்பதுதான் எங்கள் ஆட்களின் காலைப் பிரார்த்தனை. நிலையத்தின் கமராவும் தலைவரின் தொலைபேசிக்கு வந்தது.

கமராவுக்கு இணையம் வேண்டுமல்லவா? ஊரில் இருக்கும் கம்பெனிக்கு இங்கிருந்து மாதாமாதம் பணம் கட்டவேண்டும். ஒருவருடைய கார்ட்டும் அங்கே செல்லவில்லை, என்னுடையது சென்றது. அதனால் இணைப்பை என் பெயரில் எடுத்தார்கள். இப்படித்தான் வடைக்கும் ரோல்சுக்கும் மேலே தகவல் தொழில்நுட்பமும் என் தலையில் விழுந்தது.

திறப்பு விழா மட்டும் நடக்கவில்லை. நாடாவை யார் வெட்டுவது என்று முடிவாகவில்லை. எல்லோரையும் விட அதிகமாகக் கொடுத்தவர் ஒரு வீடு விற்பனை முகவர். ஸ்காபரோவில் பஸ் தரிப்பு வாங்குகளில் ஒட்டிய விளம்பரப் படங்களில் பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பவர். பெயர்க்கல்லில் தன் பெயர் தலைவரின் பெயருக்கு மேலே வர வேண்டும் என்றார். அது சங்கத்துக்கே அவமானம் என்றார் தலைவர். மார்கழியில் நல்ல காரியம் கூடாது. பங்குனி தொடங்க முகவருக்கு வீடு விற்கும் காலம். ஆனியில் தலைவருக்கு லீவு இல்லை. பல மாதப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆவணியில் இரண்டு பேரும் ஊருக்குப் போய், ஒரே கத்தரிக்கோலை இரண்டு பேரும் பிடித்து வெட்டுவது என்று சமாதானம் ஏற்பட்டது. பெரிய பெரிய நாடுகள் நடுவில் நின்றும் வராத சமாதானம் இது.

அதுவரை நிலையத்தைப் பூட்டி வைத்தார்கள். கணினிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தினார்கள். சாவி ஊரில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட மாஸ்ரரிடம் இருந்தது.

பூட்டிய அறைக்குள்ளும் தூசு வரும். எங்கள் ஊர் செம்மண் ஊர், எதற்குள்ளும் வரும். தூசு துடைக்க ஒரு பெண்பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்து நல்ல பெறுபேறு எடுத்திருந்தும், பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சத்தில் தவறிப்போன பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. பின்னேரத்தில் மாஸ்ரர் வந்து கதவைத் திறந்துவிட்டு வெளியே கதிரை போட்டுப் பத்திரிகை வாசிப்பார். அவள் உள்ளே போய்த் துணிகளை நீக்கித் துடைத்து, திரும்பப் போர்த்திவிட்டு வருவாள். அறக்கட்டளைக்கு அனுப்பிய அறிக்கையில், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கேள்விக்கு ஒருவருக்கு என்று எழுதினார்கள். பொய் என்று சொல்ல முடியாது.

இணையம் அடிக்கடி நின்றுபோகும். அப்போதெல்லாம் தலைவர் என்னைக் கூப்பிடுவார், நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அந்த இணையப் பெட்டியை ஒருக்கா நிற்பாட்டித் திரும்பப் போடு என்பேன். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் வந்தது. மெல்லிய குரல், ஆனால் கெட்டிக்காரி. ஒருநாள் தானாகவே ஒரு விஷயம் சொன்னாள்.

“டவுனில ஒரு கம்பெனி அன்ரி, வெளிநாட்டுக் கடையளின்ர கணக்குப் பாக்கிறவை. ஆள் எடுக்கினம். கொம்பியூட்டரில சோதனை வைச்சுத்தான் எடுப்பினமாம். எடுபட்டால் அம்மாவை இனி வெயிலில விடத் தேவையில்லை.”

“பேந்தென்ன பிள்ளை, உனக்குக் கைக்குள்ள நிலையமே இருக்கு.”

“ஓம் அன்ரி, இருக்கு” என்று சொல்லிவிட்டு இணையப் பெட்டியின் கதைக்குத் திரும்பினாள். அவள் ஏன் கதையை மாற்றினாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை. பனி கரைந்து வெளியே எல்லாம் சேறாகக் கிடந்தது. மோர்னிங்சைட் பிளாசாவில் இருக்கும் கோப்பிக் கடையில் செயற்குழு ஆட்கள் சிலர் வழக்கம்போலக் கூடியிருந்தோம். எங்களுக்குக் காலை, ஊரில் பின்னேரம். தலைவர் தொலைபேசியைக் கோப்பிக் கப்பில் சாய்த்து வைத்து எல்லோருக்கும் காட்டினார்.

“பாருங்கோ, எங்கட நிலையம். கண்ணாடி மாதிரி வைச்சிருக்கிறம்.”

திரையில் அந்தப் பிள்ளை ஒவ்வொரு கணினியாகத் துணி நீக்கித் துடைத்துக்கொண்டு வந்தாள். கடைசிக் கணினிக்கு வந்ததும் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். துடைக்கும் துணியைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கைகளையும் விசைப்பலகையின் மேல் வைத்து விரல்களை ஓட்டினாள். முன்னால் இருந்த திரை கறுப்பாகவே இருந்தது. அவள் அந்தக் கறுப்பைப் பார்த்து, ஏதோ பிழைவிட்டதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள்.

“என்ன வடிவாத் துடைக்கிறாள் பாத்தியளே! ஒவ்வொரு எழுத்தாத் துடைக்கிறாள்” என்றார் தலைவர்.

“உப்பிடிப் பொறுப்பான பிள்ளையள் இஞ்ச கிடைக்காதுகள்” என்றார் உபதலைவர்.

துடைக்கும் துணி மேசையில் கிடக்கிறது, இவர்கள் எல்லோருக்கும் கண் இருக்கிறது, அவள் துடைக்கிறாள் என்கிறார்கள். எழும்பிக் காருக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

“பிள்ளை, அந்தக் கடைசி மிசினில நீ என்ன செய்யிறாய்?”

“கண்டிட்டியளோ அன்ரி? ஐயாவும் கண்டிட்டாரோ?”

“ஐயா கண்டவர். அவருக்கு விளங்கேல்லை. நீ பயப்பிடாத, சொல்லு.”

“விரல் பழகிறன் அன்ரி. எந்த எழுத்து எங்க கிடக்குதெண்டு. கணக்கு எனக்குத் தெரியும், அதில பயமில்லை. ஆனால் கொம்பியூட்டரில நான் கை வைச்சது குறைவு. பள்ளிக்கூடத்தில எங்கட வகுப்பின்ர முறை வரேக்க ஒண்டில் கறன்ட் நிண்டிடும், இல்லாட்டில் மிசின் நிண்டிடும்.”

“அப்ப அதைப் போட்டுப் பழகன்.”

“ஒருநாள் போட்டனான் அன்ரி. மிசின் எழும்பிக்கூட முடியேல்லை, மாஸ்ரருக்குக் கனடாவிலயிருந்து கோல் வந்திட்டுது.”

வாற மாதம் சோதனையாம். டவுனில் காசுக்குப் படிப்பிக்கும் இடங்கள் இருக்கின்றனவாம், அதற்குத் தாயின் கூலி காணாதாம். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் விழா மலரின் அட்டை நிறம் பற்றிய நீண்ட விவாதம் முடியும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன்.

“அண்ணை, ஒரு மிசின். ஒரேயொரு மிசினை அந்தப் பிள்ளை போட்டுப் பழகட்டும். அவளுக்குச் சோதனை வருது.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “தங்கச்சி, திறக்கமுதல் பாவிச்சால் பேந்து என்னத்தைத் திறக்கிறது?”

“கதவைத் திறப்பம்.”

“பகிடி விடாதேங்கோ. இண்டைக்கு ஒருத்திக்கு விட்டால் நாளைக்கு ஊர்ப் பெடியள் எல்லாம் வந்து வாசலில நிப்பாங்கள்.”

“அதுக்குத்தானே அண்ணை கட்டினனாங்கள்?”

உபதலைவர் பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினார். விழாவுக்கு வீடியோ எடுக்கிறார்கள். பாவித்த கீபோட்டில் எழுத்து மினுங்காது. முகவர் கண்டுபிடித்தால், பழைய சாமானுக்கா நான் காசு தந்தேன் என்று கேட்பார். இன்னொருவர் இளகிய மனம் படைத்தவர், சின்னதாக ஒரு முன்திறப்பு விழா வைக்கலாமே என்றார். முன்திறப்புக்கு நாடாவை யார் வெட்டுவது என்று உடனே கேள்வி வந்தது. அந்த யோசனை இருந்த இடத்திலேயே செத்துப்போனது.

வாக்கெடுப்பு நடந்தது. மகளிர் தரப்பு ஏகமனதாக ஆதரித்தது. மற்ற எல்லோரும் எதிர்த்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று ஒரு பழமொழி இருக்கிறது. எங்கள் விஷயத்தில் சாமியும் நாங்கள், பூசாரியும் நாங்கள். தலைவர் என் இரக்க சுபாவத்தைப் பாராட்டி, விழாவுக்கு இந்த முறை கடலை வடையும் சேர்த்தால் நல்லது என்று தீர்மானத்தை முடித்துவைத்தார். தானும் தின்னாமல் மாட்டையும் தின்ன விடாத வைக்கல் பட்டடை நாய்களுக்கு வடை ஒரு கேடா என்று கேட்க வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினேன். மேலே சோபா பிளாஸ்ரிக்குக்குள் பளபளவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டி பானையிடம் கோபத்தைக் காட்டினேன். மகள் அறையிலிருந்து வெளியே வந்து முழுவதையும் கேட்டாள்.

“திஸ் இஸ் எ கவர்னன்ஸ் இஷ்யூ அம்மா” என்றாள்.

“உன்ர இங்கிலிசைக் கொண்டுபோய்க் குப்பையில போடு.”

“ஓகே, ஓகே. அந்தக் கமரா வைஃபைலயா வேர்க் பண்ணுது?”

“ஓம்.”

“வைஃபை ஆரின்ர பேரில இருக்கு?”

நான் கழுவிக்கொண்டிருந்த சட்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய காசு எல்லாம் வீண் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊர்க் கம்பெனிக்கு அழைத்து, இணைப்பைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வையுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள் என்றேன். அவர்களுக்கு அது போதுமான காரணமாக இருந்தது. பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னேன். “நாளைக்குக் கமரா வேலை செய்யாது. நீ மிசினைப் போடு. சோதனை முடியுமட்டும் போடு. ஆரும் கேட்டால் இந்த அன்ரி சொன்னவ எண்டு சொல்லு.”

“மாஸ்ரர் பேசினால்?”

“மாஸ்ரருக்குக் கோல் வராது.”

அடுத்த நாள் காலை தலைவர் பதறியடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“தங்கச்சி, கமரா செத்துப்போச்சு!”

“லைனில பிழையாம் அண்ணை. ஆள் வந்து பாக்க வேணுமாம்.”

“எப்ப வருவினமாம்?”

“அங்கத்தை ஆக்களை உங்களுக்குத் தெரியும்தானே.”

“உந்த நாடு ஒருநாளும் உருப்படாது” என்றார் தலைவர், அரை நூற்றாண்டு அனுபவத்தோடு. அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த நாட்டில் எது பழுதானாலும் எங்கள் ஆட்கள் நம்புவார்கள். என் மகள் சொல்லும் அந்தத் தட்டினால் உடையும் நாடு, அந்த உடைசலாலேயே முதல் தடவையாக ஒரு பிள்ளைக்கு உதவி செய்தது.

மாஸ்ரர் கண்டிப்பானவர். கனடாவிலிருந்து கோல் வந்தால் உடனே எழும்பிப் போய் நிற்பாட்டக்கூடியவர். கோல் வரவில்லை என்பதால் அவர் எழும்பவில்லை. பத்திரிகையை மரண அறிவித்தல்வரை வாசித்து முடித்துவிட்டு, அவள் இன்னும் வெளியே வராததைக் கண்டு, திரும்ப முதற்பக்கத்திலிருந்து தொடங்குவாராம். ஒருநாள் கதவடியில் நின்று, “வேர்க்குதெண்டால் அந்த ஏசியையும் போடன்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

என் மகளும் காலையில் வகுப்புக்குப் போகமுன் தொலைபேசியில் அவளோடு இருந்தாள். “அக்கா, அந்த பொக்ஸைக் கிளிக் பண்ணுங்கோ. நோ நோ, மற்ற பொக்ஸ். இப்ப டிராக், டிராக் எண்டால், இழு, கீழ இழுங்கோ” என்று அவளுடைய உடைந்த தமிழ் வீடெல்லாம் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து, “கூட்டு ஏன் தங்கச்சி பிழைக்குது?” என்று கேள்வி வரும். என் பிள்ளை தமிழில் கூட்டல் கழித்தல் என்ற சொற்களையே அப்போதுதான் பழகினாள். யார் யாருக்கு உதவி செய்தார்கள் என்று அறிக்கை எழுதச் சொன்னால் எனக்குத் தெரியாது.

தலைவர்தான் பாவம். காலையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. மனைவி கதைப்பதைக் கேட்கத் தொடங்கிவிட்டாராம். அவரின் மனைவியே என்னிடம், ஆளுக்குச் சுகமில்லையோ தெரியவில்லை என்று கவலைப்பட்டார்.

சோதனை முடிந்த அன்றே இணைப்பைத் திரும்பப் போடச் சொன்னேன். வெள்ளைத் துணிகள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. தலைவரும் சுகமடைந்தார்.

அவள் கூப்பிட்டபோது நான் வேலைக்குப் போகும் லோறன்ஸ் பஸ்ஸில் இருந்தேன். “எடுத்திட்டினம் அன்ரி” என்றாள். “அடுத்த கிழமை தொடங்கட்டாம்.” பின்னால் தாய் யாரோடோ சத்தமாகக் கதைத்துச் சிரிப்பது கேட்டது. நான் பஸ்ஸுக்குள் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி கைப்பையைத் துழாவி ரிஷூ ஒன்று எடுத்து நீட்டினார். சாவு விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஊர்ச் செய்தி வாட்ஸ்அப்பில் ஓடும் வேகத்துக்கு ஒளியும் ஓடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் வெள்ளைச் சேர்ட்டோடு இருந்தார். மேசையில் கேக் இருந்தது.

“எங்கட பிள்ளைக்கு வேலை கிடைச்சிருக்கு! நிலையம் இன்னும் திறக்கவே இல்லை, அதுக்குள்ள வெற்றிக்கதை வந்திட்டுது. அந்த அறக்கட்டளைக்காரர் ஆடிப்போகப் போறாங்கள். தங்கச்சி, உங்களிட்ட அவளின்ர நம்பர் இருக்கெல்லோ? ஸ்பீக்கரில போடுங்கோ, அவளே சொல்லட்டும்.”

எனக்கு அவளிடம் முன்கூட்டிச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. எங்களுக்கு இரவு, அங்கே திங்கட்கிழமை விடிந்திருந்தது. நம்பரை அமத்தினேன். அவள் உண்மையைச் சொன்னால் மாஸ்ரரிடமிருந்து சாவியைப் பறித்துவிடுவார்கள். அவளையும் களவாகப் புகுந்தவள் என்று ஊரில் கதை கட்டிவிடுவார்கள். என்னை என்ன செய்வார்கள் என்று நான் கவலைப்படவில்லை. வடை சுட அவர்களுக்கு வேறு ஆள் கிடையாது.

“பிள்ளை, தலைவர் கதைக்கிறன். குழு முழுக்க இஞ்ச இருக்கு. எங்கட நிலையத்தில நீ என்னென்ன படிச்சனி, அது உனக்கு எப்பிடி உதவினது எண்டு நாலு வரி சொல்லு. காசு தந்த அறக்கட்டளைக்காரருக்கு அனுப்ப வேணும்.”

அந்தப் பக்கத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. அவள் தெருவில் நிற்கிறாள் என்று விளங்கியது.

“ஒண்டும் படிக்கேல்லை ஐயா” என்றாள். அதே மெல்லிய குரல்தான், ஆனால் தடுமாறவில்லை. “தொடக்கூடாதெண்டு சொன்னனீங்கள். நான் தூசு மட்டும்தான் துடைச்சனான். மிசினுகளில கை வைக்கேல்லை.”

“அப்ப வேலைக்கு எங்க பழகினனி?”

“வெளியில ஐயா.”

கேக் வெட்டும் கத்தியோடு நின்ற உபதலைவர் கத்தியை மேசையில் வைத்தார்.

“பஸ் வருது ஐயா, வைக்கிறன். வேலைக்கு நேரம் போகுது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவளுக்கென்றுதான் காசு சேர்த்தோம், அவளுக்கென்றுதான் கட்டினோம். அந்தக் கட்டடத்துக்குள் இருந்து படித்ததை அவள் கோழிக்கள்ளன்போல மறைக்க வேண்டி வந்துவிட்டது. நான் எழும்பி நின்று, உங்கள் மூஞ்சிகளுக்குத்தான் அந்தப் பிள்ளை பயப்படுகிறாள் என்று கத்தியிருப்பேன். கத்தினால் மாஸ்ரரின் சாவி போகும். மறைத்தது அவள், உடைக்க எனக்கு உரிமை இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு தலைவரின் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றத்தில் வாடிப்போவார் என்றுதான் நினைத்தேன். அவர் வாடவில்லை. மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தியளே பிள்ளையின்ர ஒழுக்கத்தை? இவ்வளவு மிசினையும் முன்னால வைச்சுக்கொண்டு, சொன்ன சொல்லுக்காகத் தொடாமல் இருந்திருக்கிறாள். எங்கட நிலையம் அவளுக்கு ஒழுக்கத்தைப் படிப்பிச்சிருக்கு. தங்கச்சி, வெற்றிக்கதையில இதை எழுதுங்கோ. மிசின் ஒண்டுகூடப் பழுதாகேல்லை எண்டும் கட்டாயம் போடுங்கோ.”